பெண் பார்க்கும் நேரத்துத் தண்ணீர்

1

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது என்பதைக் கஸ்தூரிதான் ஞாபகப்படுத்தினாள். காலையில் காப்பித் தம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு, "இன்னியோட எட்டு வருசம்யா. இன்னும் இந்த ஊரு மீனு வாய்க்கு வரல" என்றாள். மகள் கூப்பிடுவாள் என்று இருவரும் மத்தியானம் வரை டெலிபோன் பக்கமாகவே நடமாடிக்கொண்டிருந்தோம். அவளுக்கு இந்த நாள் எதற்கு நினைவிருக்க வேண்டும்? கயல்விழி என்று நாங்கள் வைத்த பெயரை அவள் தோழிகள் 'கே' ஆக்கிவிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்பிப் பார்க்கிறாள். வேறு ஊரில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். எங்களுக்குத் தாமதமாகப் பிறந்த ஒரே பிள்ளை.

திருவொற்றியூரில் நான் கெமிஸ்டாக இருந்த ரசாயனக் கம்பெனி மூடிய சமயத்தில்தான், கஸ்தூரியின் அக்கா எங்களுக்காக எப்போதோ போட்டு வைத்திருந்த குடியேற்ற விண்ணப்பம் கண் விழித்தது. ஐம்பத்தைந்து வயதில் விமானம் ஏறினேன். முதலில் ஒரு கடையில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கினேன். பிறகு அட்லாண்டிக் கரையிலுள்ள இந்தச் சின்ன மாநிலத்தின் தண்ணீர்த் துறையில் வேலை கிடைத்தது. அங்கே எல்லோரும் என்னை 'மாணிக்கம்' என்று கூப்பிடுகிறார்கள். அது என் அப்பாவின் பெயர். படிவத்தில் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று தெரியாமல் மாற்றி எழுதியதன் பலன். தண்டையார்பேட்டையில் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடத் துணிந்தவர்கள் இல்லை. இங்கே இருபது வயதுப் பையன் "ஹாய் மாணிக்கம்" என்று முதுகில் தட்டுகிறான்.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. இந்த நாட்டில் ஆறு, ஓடை, கழிமுகம் எதிலாவது ஒருவர் கழிவுநீர் விடவேண்டுமானால் சட்டப்படி அனுமதி வேண்டும். எங்கள் மாநிலத்தில் அந்த அனுமதியை மத்திய அரசுதான் கொடுக்கிறது. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் மாநில அரசு, 'இதனால் எங்கள் தண்ணீர் கெடாது' என்று சான்று தரவேண்டும். நாங்கள் முடியாது என்றால் மத்திய அரசும் கொடுக்க முடியாது. சான்றோடு நாங்கள் நிபந்தனைகள் போட்டால் அவை அனுமதியிலும் சேர்ந்துவிடும். அந்தச் சான்றுக்காகப் போய்ப் பார்த்து, தண்ணீர் மொண்டு வந்து, குறிப்பு எழுதும் ஆட்களில் நானும் ஒருவன்.

ராயபுரத்திலிருந்து பேசிய என் மைத்துனன் இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணிக்கு சர்டிபிகேட்டா மாமா? எத்தினியாவது வரிக்கும் படிச்சிக்கீது?" என்றான்.

2

எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சிறிய ஆறு கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரத்தில் ஒரு மரக் கொட்டகை. அதுதான் லூர்தெஸின் மீன்கடை. போர்ச்சுகலைச் சேர்ந்த ஏதோ தீவிலிருந்து சிறுவயதில் வந்தவள். கணவன் இறந்துவிட்டான். கிறிஸ்தவர்கள் நிறைந்த ராயபுரத்தில் வளர்ந்த கஸ்தூரிக்கு அந்தப் பெயரில் ஒன்றும் அந்நியம் தெரியவில்லை. முதல் நாளே 'லூர்தம்மா' ஆக்கிவிட்டாள்.

இருவருக்கும் பொதுவான பாஷை என்று ஒன்று கிடையாது. இவளுடைய இங்கிலீஷும் அரைகுறை, அவளுடையதும் அரைகுறை. ஆனால் ஒருநாள் கஸ்தூரி கடையில் புழுக்கமாக இருக்கிறதென்று சுவரைக் காட்டி, "ஜன்னல தொற லூர்தம்மா" என்று வாய் தவறித் தமிழில் சொல்ல, அவள் போய்த் திறந்திருக்கிறாள். அவர்கள் மொழியிலும் அது ஏறக்குறைய ஜன்னல்தானாம். அன்றிலிருந்து இருவருக்கும் அது ஒரு விளையாட்டு. மேசை, சாவி, அலமாரி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துவந்து வீட்டில் எனக்குச் சொல்வாள். "நம்ம பாதிரியாருகூட அவங்களுக்கு பாத்ரேதான்யா. இன்னாத்துக்கு இங்கிலீஷு? நாங்களே பேசிக்குவோம்."

மற்ற கடைகளில் மீன் தோலில்லாமல், முள்ளில்லாமல், முகமில்லாமல், ஏதோ சோப்புக்கட்டி மாதிரி கிடைக்கும். லூர்தெஸ் முழு மீன் வைத்திருப்பாள். கஸ்தூரி செவுளைத் தூக்கிப் பார்ப்பாள், வயிற்றை அமுக்குவாள், உதட்டைப் பிதுக்குவாள். அவள் திட்டுவாள். இவள் திருப்பித் திட்டுவாள். அரைமணி கழித்து இருவரும் சிரித்தபடி வெளியே வருவார்கள். எட்டு வருஷத்தில் கஸ்தூரிக்கு இந்த ஊரில் அமைந்த ஒரே தோஸ்து.

லூர்தெஸுக்கு ஒரே மகன், மனுவேல். பெரிய நகரத்தில் ஒரு கிடங்கில் வேலை. கடையில் வருமானம் போதவில்லை என்று போனவன். போன வருஷம் ஒரு மொத்த வியாபாரி அவளிடம், கணவாய் சுத்தம் செய்து கொடுத்தால் தொடர்ந்து வாங்கிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். எங்கள் பக்கத்தில் அதைக் கடம்பா என்போம். மேசை போடவேண்டும், ஆள் வேண்டும், கழுவிய தண்ணீரை ஆற்றில் விட ஒரு பெரிய குழாய் வேண்டும். மனுவேல் வேலையை விட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டான். குழாய்க்கு அனுமதி வந்தால் மகன் வருவான். கஸ்தூரியிடம் லூர்தெஸ் வாரந்தோறும் பேசியது இது ஒன்றைத்தான். மாடியறைக்குப் புதிதாக வெள்ளையடித்தாயிற்று, அவனுடைய பழைய கட்டிலைத் துடைத்து வைத்தாயிற்று என்று கையைக் காலை ஆட்டி விவரித்துக்கொண்டிருப்பாள்.

அந்த விண்ணப்பம் என் மேசைக்கு வந்தது.

என் மனைவி அங்கேதான் மீன் வாங்குகிறாள் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். என் மகளைவிடச் சற்று மூத்த பெண் அவள். சிரித்துவிட்டு, "இந்த ஊரில் எல்லோரும் அங்கேதான் வாங்குகிறோம், மாணிக்கம்" என்றாள்.

3

இங்கே எண்ணூரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசி வரை மாதம் ஒருமுறை நான் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போவேன். எங்கள் கம்பெனித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து அங்கேதான் சேர்ந்தது. சேருமிடத்தில் தண்ணீர் மொண்டுவந்து சோதித்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. படகு தேசப்பனுடையது. முகத்துவாரத்துக் குப்பத்தைச் சேர்ந்தவன், என்னைவிடப் பத்து வயது சிறியவன். எனக்கு முன்னால் இருந்த கெமிஸ்ட் வேலையை ஒப்படைக்கும்போது, "தேசப்பன் சொல்ற நேரத்துக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதல் மாதம் என் சௌகரியப்படி போனேன். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்தது. வாய்க்கால் வாயில் காப்பி நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு வந்தது. பாட்டிலைத் திறந்தேன். தேசப்பன் துடுப்பால் என் கையைத் தடுத்தான்.

"இன்னா சாரே, அவசரம்? பொண்ணு இன்னும் மூஞ்சியே கழுவல."

"எந்தப் பொண்ணு?"

"இதோ, இதான்" என்று கழிமுகத்தைக் காட்டினான். "மாப்ள வூட்டுக்காரங்க வந்துகினு கீறாங்க. இப்படியேவா காட்டுவ? கடத்தண்ணி ஏறட்டும். ஒரு பீடி வலிச்சிட்டு வந்துட்றேன். அப்பால மொள்ளு, பொண்ணு தளதளன்னு கீறும்."

சிரித்தேன். காத்திருந்தேன். கடல் உள்ளே வந்தது. நுரை கலைந்து தண்ணீர் பச்சையாயிற்று. மொண்டேன். அறிக்கை நன்றாக வந்தது. அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் அந்த வேலைக்கு 'பொண்ணு பாக்கறது' என்றுதான் பெயர். காலண்டரில், கடல் அதிகம் ஏறுகிற அமாவாசையும் பௌர்ணமியும் பார்த்து நாள் குறிப்பேன். திரும்பும்போது அவன் ஒரு கை எறா கட்டிக் கொடுப்பான். வீட்டில் கஸ்தூரி தொக்கு வைப்பாள்.

கம்பெனியில் யாரும் என்னை இப்படிச் செய்யச் சொன்னதில்லை. யாராவது மிரட்டியிருந்தால் இப்போது அவர் தலையில் போட்டுவிடலாம். அப்படி ஒருவரும் இல்லை. என் அறிக்கையை வைத்து யார் என்ன முடிவு எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதில் மட்டும் கவனமாக இருந்தேன்.

தேசப்பன் மனைவி அஞ்சலை. கழிமுகத்தில் மார்பளவு தண்ணீரில் நடந்து, சேற்றைக் கையால் துழாவி எறா பிடிக்கிற பெண்களில் ஒருத்தி. ஓலைப் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு நாள் பூராவும் தண்ணீரில் கிடப்பார்கள். ஒருநாள் கரையில் என்னை நிறுத்திப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். தோல் வெந்து செதிலாக உரிந்திருந்தது.

"அரிப்பு தாங்கல சாரே. உன் ஆபீஸுல மருந்து எதுனா கீதா?"

முதலுதவிப் பெட்டியிலிருந்து களிம்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு மாதாமாதம் கொடுத்தேன். "சாரு தங்கமான மனுசன்" என்று குப்பத்தில் பேர். என் பையில் ஒரு பக்கம் பாட்டில், மறுபக்கம் களிம்பு. கரையில் அவளுக்குக் களிம்பைக் கொடுத்துவிட்டுப் படகேறிப் போய், கடல்தண்ணீரை மொண்டு வருவேன். இரண்டையும் சேர்த்து நினைக்கக் கூடாது என்று எனக்குள்ளேயே ஓர் ஏற்பாடு இருந்தது. எம்.எஸ்ஸி. படித்தவனுக்கு அந்த ஏற்பாடு செய்துகொள்வது கஷ்டமில்லை.

4

லூர்தெஸ் கடைக்கு நான் தண்ணீர் எடுக்கப் போன அன்று நல்ல வெயில். ஏற்கெனவே இருக்கிற சின்னக் குழாயின் வாயிலும், சற்றுத் தள்ளி மட்டிச் சிப்பி தோண்டுகிற சேற்றுத் திட்டின் ஓரத்திலும் எடுக்கவேண்டும். இப்போதே தண்ணீர் தாங்குகிறதா என்று தெரிந்தால்தான் பெரிய குழாயைத் தாங்குமா என்று சொல்லமுடியும். ரத்தமும் குடலும் கலந்த தண்ணீர் அதிகம் சேர்ந்தால் ஆற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். மட்டிகளால் ஓடிப்போக முடியாது. புதைந்த இடத்திலேயே சாகும்.

இழுபடும் தண்ணீரில், அதாவது கடல் வற்றி இறங்கும்போது, நிலைமை மிக மோசமாக இருக்கும் நேரத்தில் எடுக்கவேண்டும் என்பது எங்கள் துறையின் வழக்கம். எனக்கு அது தெரியாமல் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று காலை, கடல் ஏறி இறங்கும் நேரம் போட்ட ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது கடல் நுரைத்துக்கொண்டு உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. முழங்கால் பூட்ஸோடு இறங்கி மொண்டேன். கருவி காட்டிய ஆக்சிஜன் எண் நன்றாக இருந்தது. மனசும் நன்றாக இருந்தது. லூர்தெஸ் வாசலில் நின்று கையசைத்தாள். நானும் அசைத்தேன். இதில் ஒரு தவறும் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் கானாங்கெளுத்திக் குழம்பு. இரண்டாவது முறை போட்டுக்கொண்டு, "இன்னிக்கு மீன் பிரமாதம்" என்றேன்.

"லூர்தம்மா குடுத்துச்சு. எவ்ளோ சொல்லியும் காசு வாங்கமாட்டேன்னுடுச்சு" என்றாள் கஸ்தூரி.

"ஏன்?"

"உன் வூட்டுக்காரரு நல்ல மனுசன், தண்ணி நல்லா கீற நேரமா பாத்து வந்தாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. என்னைக் கட்டிப் புடிச்சிகினு அழுவுது வேற. இன்னா சங்கதி?"

நான் செய்தது எனக்குத் தெரிவதற்கு முன்னால் லூர்தெஸுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து எத்தனையோ இடங்களில் ஒழுங்காக எடுத்தவன்தான். ஆனால் ஒருவர் நன்றாக இருக்கவேண்டும் என்று மனசு ஆசைப்பட்டவுடன், கை தானாக எண்ணூருக்குப் போய்விட்டது.

5

அன்றைக்குத்தான் கஸ்தூரியிடம் பெண் பார்க்கிற கதையைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனுக்குத் தெரியாதா? எறா எடுத்துகினு வர்ற அன்னிக்கெல்லாம் உன் மூஞ்சியிலயே தெரியும், எதையோ முழுங்கிகினு வர்றேன்னு."

"ஏன் கேட்கல?"

"கேட்டா இன்னா, எறாவைத் திருப்பிக் குடுத்துடுவியா?"

மறுபடி போய்த் தண்ணீர் எடுக்கவேண்டும் என்றேன். அவள் எச்சில் தட்டைக்கூட எடுக்காமல் எதிரில் உட்கார்ந்தாள்.

"தபாரு. ஊர்ல அம்மாம் பெரிய கம்பெனிக்கு வருசக்கணக்கா நேரம் பாத்து மொண்டு குடுத்த. அப்ப உன் நியாயம் எங்க போயிருந்துச்சு? இங்க ஒரு ஒண்டிக்கட்டைப் பொம்பளை, புள்ள வருவான்னு கட்டிலைத் தொடச்சி வச்சிகினு கீறா. அவகிட்ட போயி உனுக்கு நியாயம் பொத்துகினு வருதா?"

"அங்கே செய்ததும் தப்புதான் கஸ்தூரி."

"தப்புதான். அத்த இவ தலையில ஏன் கழுவுற?"

பெரியவனுக்கு வளைந்து கொடுத்துவிட்டுச் சிறியவளிடம் நிமிர்ந்து நிற்பது அசிங்கம்தான். ஆனால் சேற்றுத் திட்டில் கூடையோடு குனிந்து நிற்கிறவர்கள் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்கும் கால் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னேன். சாதாரணமாக 'டாட்' என்பவள், கோபமோ கவலையோ வந்தால் மட்டும் பழைய மாதிரி கூப்பிடுவாள்.

"நைனா, இதுல யோசிக்க என்ன இருக்கு? நாளைக்குப் போய் உன் பாஸ்கிட்ட சொல்லிடு. அவ்வளவுதான்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி, "அவுளுக்கு இன்னா, சொல்லுவா. அவதான் இப்ப மீனே துன்றது இல்லியே" என்றாள்.

"அம்மா, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"நீ மொதல்ல லூர்தம்மாவை வந்து பாரு. அப்பால பேசு."

"அந்த அம்மா பாவம்தான்மா" என்றாள் மகள், குரலைத் தாழ்த்தி. பிறகு, "நைனா, நீ எங்க ஸ்கூலுக்கு வந்து தண்ணி டெஸ்ட் பண்ணிக் காட்டினது ஞாபகம் இருக்கா? எல்லாருக்கும் உன்னை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" என்றாள். அதை ஏன் சொன்னாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் விளக்கவில்லை.

6

மேலதிகாரியிடம் சொன்னேன். எண்ணூரையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே வாகனங்கள் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"நேரம் தவறிவிட்டது, மறுபடி எடுக்கவேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"அது பொய் இல்லை. ஆனால் போதாது."

"சரி. இந்த முறை நானும் வருகிறேன். சான்றை நீங்கள் எழுத வேண்டாம். நான் எழுதுகிறேன்."

அவள் என்னைத் திட்டவில்லை. ஊரில் என்றால் யாராவது கத்தியிருப்பார்கள், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஒருவழியாக ஆறியிருக்கும். இங்கே ஆறுவதற்கு அப்படியொரு வசதி கிடையாது.

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தபோது போனோம். குழாய் வாயில் சேறு கருத்து நாறியது. செதில்கள் ஒட்டிக்கிடந்தன. லூர்தெஸ் ரப்பர் பூட்ஸோடு கடை வாசலுக்கு வந்தாள். ஆற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே போனவள் மறுபடி வெளியே வந்தாள்.

"ஏன் இப்போது வந்தாய்? போன தடவை சரியான நேரத்துக்கு வந்தாயே."

"அது சரியான நேரம் இல்லை, லூர்தெஸ்."

"எனக்கு அது சரியான நேரம்" என்றாள்.

மேலதிகாரி கருவியைத் தண்ணீரில் இறக்கியிருந்தாள். எண் கீழே போய்க்கொண்டே இருந்தது. லூர்தெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வாடையடிக்கும் பெரிய கை. "உனக்கும் மகள் தூரத்தில்தானே இருக்கிறாள். உனக்குத் தெரியும்தானே" என்றாள். தெரியும் என்று சொன்னேன். கையை விட்டுவிட்டாள்.

7

சான்று மறுக்கப்படவில்லை. நிபந்தனைகளோடு போயிற்று. தண்ணீரை முதலில் தொட்டியில் தேக்கித் தெளியவிட வேண்டும். சல்லடை போடவேண்டும். தண்ணீர் சூடேறி ஆக்சிஜன் குறையும் கோடை மாதங்களில் கணவாய் கழுவிய தண்ணீரை ஆற்றில் விடவே கூடாது. ஒவ்வொன்றும் நியாயமான நிபந்தனைதான். ஆனால் வியாபாரிக்குக் கோடையில்தான் கணவாய் வேண்டும். அவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். மனுவேல் வரவில்லை. கடை முன்போலவே நடக்கிறது, முழு மீனோடு. சேற்றுத் திட்டில் ஆட்கள் மட்டி தோண்டுகிறார்கள்.

கஸ்தூரி ஒரு வாரம் கடைப் பக்கமே போகவில்லை. பிறகு போனாள். நான் காரிலேயே இருந்தேன். உள்ளே வெகுநேரம் சத்தமில்லை. கடைசியில் மீன் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"அவரு யோக்கியமான ஆளுதான்னுச்சு. ஆனா கடைக்குள்ள வர வேணாம்னு சொல்லச் சொல்லுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"எனக்கே வூட்ல அந்தாளோட பேஜாருதான்னேன். சிரிச்சுது. கொஞ்சமாத்தான் சிரிச்சுது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வண்டிய எடு. மீனு கெட்டுப்பூடும்."

அதிலிருந்து மீன் வாங்கும் நாளில் நான் காரில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்படிக் காத்திருந்த ஒரு நாளில்தான் தேசப்பன் நினைவு வந்தது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை அவனோடு பேசுவேன். வீட்டுக்கு வந்து போன் கார்டைச் சுரண்டி எண்ணைப் போட்டேன். அவனிடம் இப்போது செல்போன் இருக்கிறது.

"இன்னா சாரே! அமெரிக்காவுல பொண்ணு பாக்க போறியா இன்னும்?" என்றான். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆரம்பிப்பான். ஒவ்வொரு தடவையும் நான் சிரிப்பேன். இந்தத் தடவை சிரிக்காமல் லூர்தெஸ் கதையை முழுக்கச் சொன்னேன். முதலில் தண்ணீர் ஏறும்போது மொண்டது, மீன் வந்தது, மறுபடி போய் இறங்கும்போது மொண்டது, அவள் மகன் வராமல் போனது. அப்புறம் எண்ணூரில் நான் செய்ததையும் சொன்னேன். அது வெறும் வேடிக்கை இல்லை, அந்த அறிக்கைகளால்தான் வாய்க்கால் அப்படியே ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்றேன்.

அவன் பீடி பற்றவைக்கும் சத்தம் கேட்டது.

"அத்த வுடு சாரே" என்றான் பிறகு. "நீ மட்டுமா? நாந்தான படகு தள்ளினேன். வாடகை துட்டு வாங்கிகினேன். இப்ப அத்தப் பேசி இன்னா ஆவப்போவுது? நீ நல்லாத்தான் இருந்த எங்களுக்கு. மருந்தெல்லாம் குடுத்த."

மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அப்போது பக்கத்தில், "குடு இங்க" என்று ஒரு குரல் கேட்டது. அஞ்சலை. அவன் சத்தம் பெரிதாக வைத்துப் பேசியிருக்கிறான். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"சாரே, நல்லா கீறியா?"

"இருக்கேன் அஞ்சலை. கால் எப்படி இருக்கு?"

"காலு கெடக்குது. இப்பல்லாம் தண்ணியில எறங்கறது இல்ல. எறாவும் இல்ல. நீ ஒண்ணு சொல்லு. அந்தப் பொம்பளை வூட்டாண்ட ரெண்டாவது வாட்டி போயி மொண்டேன்னியே, ஆரு சொல்லிப் போன?"

"யாரும் சொல்லல. நானாத்தான் போனேன்."

"அப்ப எங்க தண்ணிய ஏன் சாரே ரெண்டாவது வாட்டி மொள்ளல?"

குரலில் கோபம் இல்லை. களிம்பு கேட்ட அன்றைக்கு எப்படிக் கேட்டாளோ, அப்படித்தான் கேட்டாள். வேலை, குடும்பம், காலம் அப்படி என்று நாலைந்து பதில்கள் வாய் வரைக்கும் வந்தன. அவள் கேட்டதற்கு அவை பதில் இல்லை.

"என்னை யாரும் கேட்கமாட்டாங்கன்னு தெரியும் அஞ்சலை. அதனாலதான்."

"இப்ப நான் கேட்டுட்டேன் இல்ல?"

"ஆமா."

பின்னால் தேசப்பன் ஏதோ சமாதானம் சொல்ல வந்தான். "நீ சும்மா கெட" என்று அவள் அவனை அடக்கினாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் போனை வைக்கவில்லை. மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பேசுவதற்காக அவள் காத்திருந்தாள்.